ஓதற்பிரிவின் கடைசி நாட்கள்

கோடை விடுமுறையில் அயல்நாடு சென்று, ஒரு நிறுவனத்திலோ ஆய்வுக்கூடத்திலோ எட்டு வாரம், பத்து வாரம் தங்கித் தொழில் பழகித் திரும்புவது இன்றைய கல்லூரி மாணவரிடையே பெருவழக்காகிவிட்டது. இதனை 'உள்ளகப் பயிற்சி' என்று சிலரும், 'தொழிற்பயிற்சி' என்று சிலரும் எழுதுகின்றனர். பெயர் புதிது, பொருள் புதிதன்று. கற்பதற்காக வீட்டாரைப் பிரிந்து சென்று, குறித்த காலத்தில் மீள்வதைத் தமிழர் ஓர் ஒழுக்கமாகவே கொண்டு, அதற்கு இலக்கணமும் வகுத்து வைத்தனர். 'ஓதற்பிரிவு' என்பது அதன் பெயர்.

இத்தகைய பயிற்சியின் தொடக்க நாட்களைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். புதிய ஊர், புதிய உணவு, புதிய மொழி என்று சொல்வதற்குச் செய்திகள் நிறைய உண்டு. கடைசி நாட்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அறிக்கை எழுதுதல், சான்றிதழ் பெறுதல், பெட்டி கட்டுதல் என்னும் மூன்று வேலைகளுக்குள் அந் நாட்கள் அடங்கிவிடுகின்றன. ஆனால், பிரிவு ஒன்றின் பொருள் அதன் முடிவில்தான் விளங்கும் என்பது நம் அகப்பொருள் நூல்களைக் கற்றோர் அறிந்தது. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பயிற்சி முடித்துப் புறப்படும் தமிழ் மாணவர் ஒருவரின் கடைசி நாட்களை அந் நூல்களின் துணைகொண்டு விளக்குவதே இக் கட்டுரையின் நோக்கம். அவ்வூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கற்கச் சென்று மீளும் பிரிவும், பிழைக்கச் சென்று மீளாத பிரிவும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அது.

மூன்று ஆண்டு எல்லை

தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவின் காரணங்களை எண்ணத் தொடங்குமிடத்து ஓதல், பகை, தூது என்னும் மூன்றனை முதற்கண் வைக்கின்றார். ஓதல் என்பது கல்வி. பகை என்பது போர். தூது என்பது வேந்தர்க்கிடையே சென்று பேசுதல். பொருள் தேடிப் பிரிவது முதலியவை இவற்றின் பின்னர்க் கூறப்படுகின்றன. ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்றும் அவர் வரையறுக்கின்றார். இவ் வரையறையைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

எவ்வளவு காலம் பிரிந்திருக்கலாம் என்னும் வினாவிற்கு விடை கற்பியலில் உள்ளது. கல்வியின் பொருட்டுப் பிரிவது மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது. வேந்தன் பணியின் பொருட்டுப் பிரிவது ஓராண்டிற்குள் அமைய வேண்டும். பிற பிரிவுகளும் அவ்வாறே. எந்தக் கல்வி, யாருக்கு உரியது என்பனவற்றில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. கால எல்லை நூற்பாவிலேயே தெளிவாக உள்ளது.

இதில் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். பிரிவுகளுள் நீண்ட காலம் பெறுவது கல்வியே. கல்வி விரைந்து வருவதன்று என்று முன்னோர் உணர்ந்திருந்தனர். ஆயினும் அக் கல்விக்கும் ஓர் எல்லை வைத்தனர். கற்கச் சென்றவன் தனக்கு மட்டும் உரியவன் அல்லன். அவன் வரவை நோக்கி ஒரு வீடு காத்திருக்கின்றது. மீண்டு வந்து, கற்றதை அவ் வீட்டிற்கும் ஊருக்கும் பயன்படச் செய்யும்போதுதான் ஓதல் நிறைவெய்துகின்றது. ஆகவே எல்லை என்பது ஓதற்பிரிவிற்கு இடையூறு அன்று. அதன் இலக்கணத்தின் ஒரு பகுதி என்று கொள்ளலாம்.

வேனில் இல்லாத ஊர்

பாலைத் திணைக்குப் பெரும்பொழுது வேனில். முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார். பாலை பிரிவைக் கூறும். முல்லை, பிரிந்தவர் வருமளவும் ஆற்றியிருத்தலைக் கூறும். சித்திரை முதல் ஆடி வரை உள்ள நான்கு திங்களும் வேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். வேனிலில் சென்றவன் காரின் தொடக்கத்தில் மீள்வான் என்பது தலைவி நம்பியிருக்கும் உறுதிமொழி. இன்றைய கோடைப் பயிற்சியும் பெரும்பாலும் வைகாசியில் தொடங்கி ஆடியில் முடிகின்றது. கல்லூரிகளின் நாட்காட்டி அகப்பொருள் நூலைப் பார்த்து வகுக்கப்பட்டதன்று. ஆயினும் இரண்டும் பொருந்தி நிற்கின்றன.

இப் பொருத்தம் கோலாலம்பூரில் குலைந்துவிடுகின்றது. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் உள்ள அவ்வூருக்கு வேனிலும் இல்லை, பனிக்காலமும் இல்லை. ஆண்டு முழுதும் வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது; அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திற்கு உரியது. கோலாலம்பூரிலோ 2,400 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை எல்லாத் திங்களிலும் பரந்து பெய்கின்றது. ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் சற்று மிகுதி. ஜூன், ஜூலையில் சற்றுக் குறைவு. காலையில் வெயில், பிற்பகலில் கருமுகில், இடியுடன் பெருமழை, மாலையில் தெளிந்த வானம் என்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி.

குறுந்தொகையில் 66ஆம் பாட்டு, கோவர்த்தனார் இயற்றியது. கார் வந்தும் தலைவன் வரவில்லையே என்று கலங்கும் தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார் என்று பிறழ உணர்ந்து, கொன்றை மரங்கள் அறியாமையால் பூத்துவிட்டன என்பது அவள் கூறும் காரணம். காலம் தப்பிப் பெய்யும் மழைக்கு 'வம்பமாரி' என்று பெயர். 'வம்பு' என்னும் சொல்லுக்குப் புதுமை, நிலையின்மை என்னும் பொருள்கள் பண்டு உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வரும் தமிழ்நாட்டு மாணவருக்கு அங்கே பெய்யும் ஒவ்வொரு மழையும் வம்பமாரியே. வானத்தைப் பார்த்து, இது தொடக்கம், இது முடிவு என்று அவரால் சொல்ல இயலாது.

பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்து நூல் எழுதிய தனிநாயக அடிகள், பருவ மாற்றம் கண்ணுக்குப் புலப்படாத இந் நகரில்தான் 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடும் இங்கேதான் கூடியது. ஐந்திணை பிறந்த நிலத்திற்கு வெளியே ஐந்திணையைக் கற்பிப்பது எளிதன்று. ஆனால் அங்கே கற்பிக்கும்போதுதான், திணை என்பது வெறும் மரஞ்செடிகளின் பட்டியல் அன்று, மாந்தர் ஒழுக்கத்தின் பெயர் என்பது நன்கு விளங்குகின்றது.

முடிவை வானம் அறிவிக்காத ஊரில் ஒரு பயன்நிலை இடர்ப்பாடும் உண்டு. 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று ஒவ்வொன்றையும் தள்ளிப் போடும் இயல்பு மாணவரிடம் வளர்கின்றது. ஒருநாள் நாட்காட்டியைப் புரட்டினால் எஞ்சியிருப்பது ஆறு நாட்களாக இருக்கும்.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

தமிழ்நாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருக்கின்றாள். கடைசி ஆறு நாட்களுள் ஒரு நாளை அவள் எப்படிச் செலவிட வேண்டும் என்று கேட்டால், புகைவண்டியில் ஏறிக் கிள்ளான் துறைமுகம் வரை ஒருமுறை சென்று வருக என்றே சொல்வேன். அவள் வந்ததும் போவதும் செப்பாங் விமான நிலையத்தின் வழியாக. அவள் தங்கியிருக்கும் தெருவின் மக்களுடைய பாட்டனும் பாட்டியும் வந்தது கடல்வழியாக.

பிரிக்பீல்ட்ஸ் என்பதற்குச் செங்கற்களம் என்பது பொருள். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் கூரைவீடுகளையும் அழித்தன. பின்னர் ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப முற்பட்டபோது, சூளைகள் இப் பகுதியில் அமைந்தன. அதன்பின் இரயில்வேப் பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும், தமிழ்நாட்டுத் தமிழர் பெரும்பாலும் உழைப்பாளிகளாகவும் இங்கே குடியேறினர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் எழுந்தது. ஊரின் பெருந்தெரு இன்று துன் சம்பந்தன் பெயரைத் தாங்கியுள்ளது.

கோலாலம்பூரைக் கிள்ளானுடன் இணைக்கும் இருப்புப்பாதையின் முதற்பகுதி 1886இல் திறக்கப்பட்டது. ஆற்றின் கழிமுகத்தில் 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது; 1972 முதல் அது கிள்ளான் துறைமுகம் எனப்படுகின்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களுள் பலர் இத் துறையில் இறங்கி, இப் பாதையின் வழியே உள்நாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி ஊருக்குச் சென்று ஆள் திரட்டும் முறை மேலும் பல்லாண்டு தொடர்ந்தது; உடலுழைப்புத் தொழிலாளர் உதவித்தொகையுடன் மலாயா செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்தபின் அதுவும் நின்றது.

இவர்கள் மேற்கொண்டது பொருள்வயிற் பிரிவு. மூன்று ஆண்டு உழைத்துக் கையில் சிறிது பணத்துடன் ஊர் திரும்பலாம் என்றே பெரும்பாலோர் வந்தனர். பலர் திரும்பவும் செய்தனர், மீண்டும் வந்தனர், மீண்டும் திரும்பினர். 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர் பெருந்தொகையாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர்க்குத் திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே சென்றது. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் வந்தனர், கடல்வழி மூடிற்று. சயாம் மரண இரயில்பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெருந்தொகையினர் தோட்டத்திற்கும் திரும்பவில்லை. கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியர் கூறினார். வறுமை அதனையும் மாற்றிற்று. பெண்களும் கப்பலேறி வந்து, விடியலுக்கு முன் எழுந்து, ஆண்களுக்கு இணையாகப் பால்மரம் வெட்டினர்.

மாணவியின் வண்டி இன்று கடந்து செல்லும் நிலையங்களைக் கவனிக்க வேண்டும். சுபாங் ஜெயா என்னும் நகர், சீபீல்ட் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்தது. சிலாங்கூரின் தலைநகராக 1978இல் அறிவிக்கப்பட்ட ஷா ஆலமும் தோட்ட நிலத்தின்மேல் எழுந்ததே. பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பங்சாரிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களே நின்றன. விடுதலைக்குப் பின் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் செல்லத் தலைப்பட்டபோது, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதனை முன்னின்று நடத்தியவர், மேலே கூறிய தெருவின் பெயருக்கு உரிய சம்பந்தன். அவ்வாறு காக்கப்பட்டவை சில; ஏனைய பல நகரங்களாயின. முதலில் ஊரைப் பிரிந்த மக்கள், இரண்டாம் முறை தோட்டத்தையும் பிரிந்தனர்.

குறித்த நாளில் திரும்பும் சீட்டைப் பையில் வைத்திருக்கும் மாணவி, இச் செய்திகளை அறிந்த பின்னரே அவ்வூரில் விடைபெறத் தகுதியுடையவள் ஆகின்றாள்.

'போய் வருகிறேன்' என்னும் தொடர்

விடைபெறும் தமிழர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை; 'போய் வருகிறேன்' என்பர். தீய சொல்லை விலக்கும் மங்கல வழக்கு என்று மட்டும் இதனைக் கூறிவிடுகின்றோம். இலக்கணம் இதற்கு மேலும் ஒரு விளக்கம் தருகின்றது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைகளைச் சேர்த்து ஆராய்கின்றார். தரவும் வரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான் என்கின்றோம். அவனுக்குக் கொடுத்தான் என்கின்றோம். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான் என்பன போல, அவனிடம் சென்றான் என்பதே முறை. ஆகவே 'வருதல்' என்பது பேசுவோனை நோக்கியோ கேட்போனை நோக்கியோ நிகழும் இயக்கம். மூன்றாமவனை நோக்கியது அன்று.

இவ் விதியை வைத்து 'போய் வருகிறேன்' என்பதை நோக்குக. செல்பவன் தன் பயணத்தின் முடிவிடமாகக் கேட்பவனைக் குறிக்கின்றான். செல்லும் ஊர் எதுவாயினும் ஆகுக; அது 'போய்' என்னும் எச்சத்தில் அடங்கிவிடுகின்றது. முற்றுவினை கேட்பவனிடமே வந்து முடிகின்றது. இத் தொடரைச் சொல்லும் கணத்தில், எதிரே நிற்பவர் படர்க்கையர் அல்லர், முன்னிலையர் என்று செல்பவன் உறுதி கூறுகின்றான்.

மலாய் மொழி இதே நிலையை வேறு வகையாகக் கையாள்கின்றது. செல்பவர், இருப்பவரைப் பார்த்து 'செலாமாட் திங்கால்' என்பர். நலமாக இங்கே தங்கியிருங்கள் என்பது கருத்து. இருப்பவர், செல்பவரைப் பார்த்து 'செலாமாட் ஜாலான்' என்பர். நலமாகச் செல்லுங்கள் என்பது கருத்து. 'செலாமாட்' அரபு வழிவந்த சொல். 'ஜாலான்' என்பதற்குத் தெரு என்றும் நடத்தல் என்றும் பொருள். இவ்வழக்கில் செல்பவரும் தங்குபவரும் தத்தம் நிலையை ஒப்புக்கொண்டு, ஒருவரையொருவர் வாழ்த்துகின்றனர். தமிழிலோ செல்பவர் ஒரு கடனை ஏற்றுக்கொள்கின்றார். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. முன்னது வாழ்த்து, பின்னது வாக்குறுதி.

வாக்குறுதியை நிறைவேற்ற இயலாதபோது என்ன ஆகும்? நாகப்பட்டினத்துக் கரையில் 'போய் வருகிறேன்' என்று சொல்லிக் கப்பலேறிய பலர் வரவில்லை. அவர்கள் பொய் சொன்னவர் அல்லர். சொல்லை வைத்துவிட்டுச் சென்றனர். நிறைவேற்றக் காலம் இடந்தரவில்லை. அவர்கள் வழிவந்தவர் வீட்டு வாயிலில் நின்று, தமிழ்நாட்டு மாணவி ஒருத்தி 'போய் வருகிறேன், அம்மா' என்று சொல்லும்போது, அச் சொல் எவ்வளவு பழைய கடனைத் தொடுகின்றது என்பதை அவள் உணர்ந்து சொல்ல வேண்டும்.

அழுங்கலும் வற்புறுத்தலும்

புறப்படும் நாளைத் தள்ளிப் போடுதல் கடைசி வாரத்தில் இயல்பாக எழும் எண்ணம். அகப்பொருளில் இதற்குச் 'செலவழுங்குதல்' என்று பெயர். புறப்பட ஒருப்பட்ட தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு தயங்கி நிற்பான். இவ்வாறு தயங்குவது போகாமலே நின்றுவிடுதல் அன்று, தலைவியை ஆற்றுவித்துப் பின்னர்ச் செல்வதற்கே என்று தொல்காப்பியர் கற்பியலில் தெளிவுறுத்துகின்றார். அவ்வாறு உள்ளத்திற்கு உறுதி ஊட்டுதலே 'வற்புறுத்தல்'. இன்று அச் சொல், விரும்பாததைச் செய்யுமாறு நெருக்குதல் என்னும் பொருளுக்கு வந்துவிட்டது. அன்று அது பிரிவோர் செய்யவேண்டிய கடமையின் பெயர்.

பயிற்சி மாணவர்க்கும் இது பொருந்தும். தொழில் கற்பித்த மேலாளரிடமும், உடன் பணிசெய்த எழுத்தரிடமும், உணவு தந்த கடைக்காரரிடமும், அறை தந்த வீட்டம்மாவிடமும் தனித்தனியே சென்று விடைபெறுதல் வேண்டும். செய்து முடித்ததையும் குறையாக விட்டதையும் அடுத்து வருபவர்க்கு விளங்க எழுதி வைத்தல் வேண்டும். முடிக்காத வேலையைச் சொல்லாமல் விட்டுப் போவது, சொல்லாமற் பிரிவதற்கு ஒப்பாகும். இவை ஒரு நாளில் முடிவன அல்ல. ஆகையால்தான் கடைசி ஒருநாள் என்னாமல் கடைசி நாட்கள் என்றோம்.

சொல்லேடு

மாணவர் தம் பணிக்குறிப்பேட்டில் அன்றன்று செய்த வேலையை எழுதுகின்றனர். தமிழ் மாணவர் அதனுடன் இன்னும் ஓர் ஏடு வைத்திருத்தல் நன்று. அது சொல்லேடு.

காலையில் வீட்டம்மா, 'பசியாறிட்டியாம்மா?' என்று கேட்கின்றார். உண்பதை, சிறப்பாகக் காலை உணவை, 'பசியாறுதல்' என்னும் இனிய வழக்கு மலேசியத் தமிழில் நாள்தோறும் ஒலிக்கின்றது. தமிழ்நாட்டின் நகரங்களில் அது அருகிவிட்டது. பெரியவர் ஒருவர் தம் இளமையைச் சொல்லத் தொடங்கினால் வேறு சொற்கள் வருகின்றன. ரப்பர் மரத்தைக் 'கித்தா மரம்' என்பார்; பால் என்றும் பிசின் என்றும் பொருள்படும் 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு அது. பால் பிடிக்கும் கிண்ணத்தை 'மங்கு' என்பார். விடியலில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம் 'பெரட்டுக் களம்'. அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் அவ்வாறு ஆயிற்று. தாய்மார் வேலைக்குச் சென்றபோது குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் 'ஆயாக் கொட்டகை'. வரிசை வீடு 'லயம்'. மலாய்க்காரர் சிற்றூராகிய 'கம்போங்' தமிழில் 'கம்பம்' ஆயிற்று. செம்பனை என்பதோ புதிய பயிருக்கு அங்குள்ளோர் இட்ட நல்ல தமிழ்ப் பெயர்.

இவற்றைக் 'கொச்சை' என்று ஒதுக்குவது தவறு. ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலையின் பதிவு. பெரட்டுக் களம் என்னும் சொல்லில் விடியற்கால இருளும், பெயர் கூப்பிடும் குரலும், பிந்தி வந்தவனுக்கு அன்று வேலையில்லை என்னும் அச்சமும் அடங்கியுள்ளன. களம் போயிற்று, சொல்லும் அதனை அறிந்த முதியோருடன் போய்க்கொண்டிருக்கின்றது. எட்டு வாரம் தங்கிய மாணவி, கடைசி நாட்களில் இத்தகைய சொற்கள் இருபதையேனும் எழுதிக்கொண்டு புறப்பட்டால், அவள் கொண்டுசெல்வது வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள். சொல், அதன் பொருள், எந்த வேலையில் வழங்கியது, எந்த வட்டாரத்தில் கேட்டது, எந்த நாளில் எழுதியது என ஐந்து பத்தி போதும். சொன்னவர் இசைவு பெற்று எழுதுதல் முறை.

எதிர்வழியிலும் குறிப்புகள் உண்டு. கடையைக் 'கெடாய்' என்றும், கப்பலைக் 'கப்பால்' என்றும், பெட்டியைப் 'பெத்தி' என்றும், வாணிக முதலை 'மொடால்' என்றும் மலாயர் வழங்குகின்றனர். இவை, தோட்டங்கள் தோன்றுமுன் நிகழ்ந்த பழைய கடல் வாணிகத்தின் தொடர்பைக் காட்டுவன. சென்ற இடத்திலேயே தங்கிவிட்ட தமிழ்ச் சொற்கள் இவை. கல் என்னும் பொருளுடைய 'பத்து' என்ற மலாய்ச் சொல்லோ, தமிழர் வாயில் எண்ணுப்பெயர் போல் ஒலித்து, முருகன் கோயில் கொண்ட குன்றுக்குப் 'பத்து மலை' என்று பெயர் தந்துவிட்டது. மலைகளை எண்ணிப் பார்க்க முயலும் புதியவர்க்கு இதனைச் சொல்லி வைப்பது நல்லது.

மீட்சியே நிறைவு

ஓதற்பிரிவு உயர்ந்தோர்க்கு உரியது என்று தொல்காப்பியர் வரையறுத்ததை முன்னர்க் கண்டோம். தோட்டத்து மக்களுக்கு உரியதாக அமைந்தது பொருட்பிரிவு ஒன்றே. ஆனால் அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. லயத்து மூலையில் தொடங்கிய பள்ளிகள் பல அவ்வாறு வளர்ந்தவை. இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. பால்மரம் வெட்டியவரின் பேரரும் பேத்தியரும் மருத்துவம் பயிலவும் பொறியியல் பயிலவும் தமிழ் பயிலவும் கடல் கடந்து செல்கின்றனர். குறித்த நாளில் வீடு திரும்புகின்றனர். ஓதல் ஒரு சாராரின் உடைமையாக இருந்த நிலையை மாற்றியவர் இலக்கண ஆசிரியர் அல்லர். அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களே.

ஆகவே தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாட்டுப் பயிற்சிக்குச் செல்லும் மாணவரை வழியனுப்பும்போது, சொல்லேடு ஒன்றைக் கையில் கொடுங்கள். அவர் திரும்பிய பின், சான்றிதழை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், வகுப்பின் முன் நிறுத்தி அவ்வேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பாலைத்திணையைக் கற்பிக்கும் நாளில் அவரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சென்ற காலமும், மீண்ட காலமும், இடையே கற்ற பொருளும் அவரிடம் இருக்கும்.

அவர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டம்மாவிற்கு ஒரு கடிதம் எழுதினாரா என்றும் கேளுங்கள். 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். மீண்டும் நேரில் செல்ல எப்போது இயலுமோ தெரியாது. கடிதமேனும் போய் வரட்டும்.